தளர்ச்சி என்றொரு சொல்

இன்று பட்டம் பெறும் இயன்முறை மருத்துவ மாணவர்களே!

இங்கே வரும் வழியில் பேருந்து நிலையச் சுவரில் ஒரு சுவரொட்டி பார்த்தேன். மாதத்தில் இரண்டு நாள் லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் வைத்தியருடையது. கொட்டை எழுத்தில் 'நரம்புத் தளர்ச்சி' என்று போட்டிருந்தது. நம் ஊரில் அதற்கு அர்த்தம் தெரிந்துகொள்ள யாரும் நரம்பியல் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. படுக்கையறையில் ஏதோ சரியில்லை என்று சொல்ல வாய் கூசுகிறது. பழியைத் தூக்கி நரம்பின் தலையில் போட்டுவிட்டோம்.

பாதி சரிதான். நரம்புக்கும் அதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. தளர்ச்சி என்பதில்தான் எனக்குச் சண்டை. என்னிடம் வந்தவர்களில் பலருக்குத் தளர முடியாததுதான் தொல்லையே.

விறைப்பு என்றால் ஏதோ தசை இறுகுகிறது என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. சேக்ரல் இரண்டு, மூன்று, நான்கு என்று தேர்வுக்கு உருப்போட்டீர்களே, அங்கிருந்து வரும் பாராசிம்பதடிக் நரம்புகள் நைட்ரிக் ஆக்சைடை விடுவிக்கின்றன. ரத்தக்குழாய்ச் சுவரின் மென்தசை தளர்கிறது. தளர்ந்த இடத்தில் ரத்தம் பாய்ந்து நிறைகிறது. பெண்ணின் கிளிட்டோரிஸிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். நைட்ரிக் ஆக்சைடு உடலுக்குள் செய்தி சொல்வதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டுதான் வயாகராவுக்கு அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது.

எதிர்ப்பக்கத்தில் நிற்பது சிம்பதடிக். பயம் வந்தால் ஓடவோ அடிக்கவோ உடம்பைத் தயார்செய்யும் நரம்பு. அது அந்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும். சுவரொட்டியைப் படித்துவிட்டு 'நமக்கும் இருக்குமோ' என்று கலங்கும் 22 வயதுப் பையனின் அன்றைய இரவை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். பயத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, மருந்தை லாட்ஜில் விற்கிறார்கள்.

அதற்காக எல்லாம் மனசுதான் என்று சொல்லி அனுப்பிவிடவும் கூடாது. ஐசிஎம்ஆர் ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் 10 கோடிப் பேருக்குமேல் சர்க்கரை நோய். அது மெல்லிய நரம்புகளையும் சிறிய ரத்தக்குழாய்களையும் அரிக்கும். மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே விறைப்புக் குறை தலைகாட்டுவதும் உண்டு. சர்க்கரை பார்த்தீர்களா, நெஞ்சு வலிக்கிறதா என்று கேளுங்கள். முதுகுவலி என்று வருபவரிடம், சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போகிறதா, சிறுநீர் போவதே தெரியாமல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆம் என்றால் அன்று உங்கள் மேஜையில் அவருக்கு வேலையில்லை. உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்புங்கள். வால்நரம்புக் கொத்து நசுங்கியிருந்தால், தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு.

இனி, இடுப்பின் அடியில் தூளித்துணி போலத் தாங்கி நிற்கும் தசைகள். அமெரிக்க மகளிர்நோய் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, அவற்றை இறுக்கப் பழகுங்கள் என்று உலகமே சொல்லித் தருகிறது. இருமினால், தும்மினால் சிறுநீர் கசியும் பெண்ணுக்கு அது நல்ல பயிற்சி. நானோ கோயில் விபூதி மாதிரி வந்தவருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள், கல்யாணமாகி இரண்டு வருடமான ஒரு பெண் வந்தாள். உறவு என்றாலே வலி. சிறுநீர் கழிக்க உட்கார்ந்தால் உடனே வராது. மலச்சிக்கல் வேறு. தசை பலவீனம் என்று முடிவுகட்டி, நாளுக்கு 30 தடவை இறுக்கச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து வந்து, "நீங்க சொன்னபடியே செஞ்சேன் மேடம், இப்ப உக்காரவே முடியல" என்றாள். அப்போதுதான் பரிசோதித்துப் பார்த்தேன். அவள் தசைகள் ஏற்கனவே கல்லாகக் கிடந்தன. தூசு வந்தால் இமை தானாக மூடிக்கொள்வதுபோல், அவளைக் கேட்காமலே நரம்பு கதவைச் சாத்தியிருந்தது. நான் போய் அதற்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன்.

மறுபடி மூச்சிலிருந்து ஆரம்பித்தோம். மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழிறங்கும்; கூடவே இடுப்புத்தளமும் சற்றே இறங்கி இளகும். அந்த இளக்கத்தை அவள் உணரவே ஐந்து வாரம் பிடித்தது. அதற்குள் மாமியார் வீட்டில் அவளைக் குழந்தையின்மை சிகிச்சைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். இரண்டு வருடத்தில் ஒருவர்கூட அவளிடம் "வலிக்கிறதா?" என்று கேட்டிருக்கவில்லை. அந்த வரிசையில் முதல் மூன்று வாரம் நானும் இருந்தேன்.

நான் பேசத் தவறியது அவளிடம் மட்டுமல்ல. வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் நடந்த விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவானதற்கு அவரே காரணம். தண்டுவடம் முறிந்தவருக்கும் அதற்குப் பிறகு ஒரு வாழ்க்கை உண்டு என்று நம் பக்கத்தில் காட்டியவர்களில் அவர் முன்னோடி. அந்த வாழ்க்கைக்குள் படுக்கையறையும் அடங்கும் என்பது எனக்கு உறைக்க வெகுநாள் ஆயிற்று.

பனைமரத்திலிருந்து விழுந்து நெஞ்சு மட்டத்தில் தண்டுவடம் அடிபட்ட ஒரு தம்பி, எங்கள் வார்டில் மூன்று மாதம் இருந்தார். படுக்கைப்புண், கதீட்டர், சக்கர நாற்காலி என்று எல்லாம் பேசினோம். வீடு திரும்பும் நாளில், வேன் வந்து நின்றபின், மனைவி பையை எடுக்கப் போன இடைவெளியில் கேட்டார்: "மேடம், எங்களுக்குக் குழந்தை பொறக்குமா?"

அடி மேலே, சேக்ரல் நரம்பு மையம் கீழே முழுதாக இருக்கிறது. தொடுகையால் எழும் விறைப்பு வர வாய்ப்புண்டு. விந்து தானாக வராவிட்டாலும் அதிர்வுக் கருவி கொண்டு எடுக்கும் வழி இருக்கிறது. முதல் வாரமே நான் சொல்லியிருக்க வேண்டிய செய்தி. மனைவியையும் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மூவரும் ஒரு மணி நேரம் பேசினோம். வேன்காரர் காத்திருந்ததற்கு 200 ரூபாய் கூடுதலாகக் கேட்டார். நான்தான் கொடுத்தேன்.