கப்பலுக்குக் காய்கறி

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில், 2009-ஆம் ஆண்டு இயந்திரவியல் பிரிவு மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மலருக்காக ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். 'தொழில்' என்ற கட்டத்தில், 'கப்பல்களுக்குக் காய்கறி சப்ளை, தூத்துக்குடி' என்று எழுதி அனுப்பினேன். மறுநாளே செயலாளர் அண்ணன் போன் செய்தார். "தம்பி, நீ மெக்கானிக்கல்தானே? ஃபாரம் ஏதோ மாறிப்போச்சு போல." மாறவில்லை அண்ணே என்றேன். "அப்படின்னா அதைப் பத்தியே மேடையில பேசு" என்று மாட்டிவிட்டார்.

இந்தத் தொழிலுக்கு ஷிப் சாண்ட்லிங் என்று பெயர். துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வருகிறது. அதில் இருபது, இருபத்திரண்டு பேர் இருப்பார்கள். அவர்களுக்கு அடுத்த துறைமுகம் வரை வேண்டிய அரிசி, மாவு, இறைச்சி, காய்கறி, முட்டை, குடிதண்ணீர் எல்லாம் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்ற வேண்டும். கூடவே கயிறு, பெயின்ட், ஸ்பேனர், பல்பு, கையுறை. எல்லாவற்றுக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவாக ஆறு இலக்க எண் கொண்ட ஒரு தடிமனான பட்டியல் புத்தகம் இருக்கிறது. 21 என்று தொடங்கினால் கயிறு, 25 என்றால் பெயின்ட், 61 என்றால் கைக்கருவிகள். நடுக்கடலிலிருந்து கேப்டன் எண்ணை மட்டும் அனுப்புவார். ராட்டர்டாமில் எது கிடைக்குமோ அதேதான் தூத்துக்குடியிலும் கொடுக்க வேண்டும். ஆனால் முருங்கைக்காய்க்கோ கீரைக்கோ எண் கொடுத்து என்ன பிரயோஜனம்? அது உயிருள்ள பொருள். பறித்த பிறகும் மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கும். என் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஊரில் யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி, "கோடீஸ்வரங்க வச்சிருக்கிற சொகுசுப் படகுக்கெல்லாம் கொடுப்பீங்களா?" என்பதுதான். அந்த யாட் வியாபாரம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலில். மால்டா, மயோர்க்கா தீவின் பால்மா போன்ற துறைமுகங்களில் அதற்கென்றே தனிச் சப்ளையர்கள் இருக்கிறார்கள். கோடை முழுவதும் அங்கே கூட்டம். குளிர்காலத்தில் பல படகுகள் அட்லாண்டிக்கைத் தாண்டிக் கரீபியன் போய்விடும். சில சூயஸ் வழியாக நம் பக்கம் இறங்கி மாலத்தீவு வரும். சரக்குக் கப்பலில் ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு ஏழெட்டு டாலருக்குள் கணக்குப் பார்ப்பார்கள். யாட்டில் விலையைக் கேட்க மாட்டார்கள், மணியைத்தான் கேட்பார்கள். "வியாழன் காலை 9 மணிக்குப் படகில் இருக்குமா?" அவ்வளவுதான். எங்கள் பக்கம் அந்தப் படகுகள் ஒதுங்குவது மிக அபூர்வம். கொச்சி போல்காட்டியில் மரினா இருக்கிறது, அந்தப் பக்கம் கொழும்பு, காலி, மாலே எல்லாம் இருக்கின்றன. நம்மிடம் நிலக்கரியும் கன்டெய்னரும் இறங்குகிற பெர்த்துதான் இருக்கிறது. ஆகவே என் சோறு சரக்குக் கப்பலில்தான். யாட் கதை ஒன்றும் உண்டு, பிறகு சொல்கிறேன்.

நான் இந்தத் தொழிலில் சேர்ந்த இரண்டாவது வருடம். சூயஸ் போகிற ஒரு கப்பல், பத்தொன்பது பேர். அதுவரை காய்கறியைத் தூத்துக்குடி மார்க்கெட்டிலேயே வாங்கிக் கொடுப்பார்கள். நான்தான் பெரிய இன்ஜினியர் ஆயிற்றே! மதுரையிலிருந்து நேராகக் குளிர்வண்டியில் கொண்டுவந்தால் தரமும் நன்றாக இருக்கும், விலையும் குறையும் என்று முதலாளியிடம் மார்தட்டினேன். இரவு 2 மணிக்கு மாட்டுத்தாவணியில் தக்காளி, கீரை, வெண்டை, பீன்ஸ், பச்சை வாழைக்காய் என்று இரண்டு டன் ஏற்றினேன். தெர்மோஸ்டாட்டை 4 டிகிரியில் வைத்தேன். வண்டி தூத்துக்குடி போகும்போது டிஸ்ப்ளேயும் 4 என்றே காட்டியது. துறைமுக கேட்டில் காகிதம் சரியாகி உள்ளே போக 11 மணி ஆகிவிட்டது.

கப்பலின் சீஃப் குக் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். ஒன்றும் பேசவில்லை. பாக்கெட்டிலிருந்து ஊசி மாதிரி ஒரு தெர்மாமீட்டரை எடுத்து, அடுக்கின் நடுவில் இருந்த கீரைப் பெட்டிக்குள் செருகினார். 21 டிகிரி. கீரை வெந்துபோயிருந்தது. பிறகு காற்று வரும் வாய்க்கு நேர் எதிரே இருந்த வாழைத்தாரைக் காட்டினார். தோல் சாம்பல் பூத்துக் கறுத்திருந்தது. ஒரே வண்டியில் ஒன்று வெந்திருக்கிறது, இன்னொன்று உறைந்திருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை.

தம்பிகளே, இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 2000 கிலோ காய், வயலின் சூடு 32 டிகிரி. அதை 8 டிகிரிக்கு இறக்க வேண்டும். தண்ணீர் நிறைந்த பொருள் என்பதால் தன்வெப்பம் கிட்டத்தட்ட 3.9. நாலு மணி நேரத்தில் இறக்க 13 கிலோவாட் வேண்டும். அந்த வண்டியில் இருந்த யூனிட் அதில் பாதிகூடத் தராது. குளிர்வண்டி என்பது குளிர்ந்த பொருளைக் குளிராகவே வைத்திருக்கச் செய்தது, சூடான பொருளைக் குளிரவைக்க அல்ல. டிஸ்ப்ளே காட்டியது காற்றின் வெப்பநிலை, காயின் வெப்பநிலை அல்ல. தெர்மோடைனமிக்ஸில் நான் வாங்கிய மார்க்கை இங்கே இருக்கும் என் பேராசிரியர் மறந்திருக்க மாட்டார். மறந்திருந்தால் நல்லது.

மாலை 6 மணிக்குப் பைலட் ஏறிவிட்டார். இடையில் இருந்த நேரத்தில் ஊருக்குள் ஓடி உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டைக்கோஸ் மட்டும் திரட்டி ஏற்ற முடிந்தது. சூயஸ் வரை பதினோரு, பன்னிரண்டு நாள். பச்சையாக ஒரு இலையோ ஒரு பழமோ இல்லாமல் பத்தொன்பது பேர் போனார்கள். கடலில் போகிறவனுக்கு நல்ல சாப்பாடு கொடுப்பது கப்பல்காரனின் கடமை, அதற்குச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று 2006-இல் ஒரு சர்வதேச ஒப்பந்தம் ஏற்பட்டு, 2013 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. 2015-இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது. அந்தக் கடமையின் கடைசிக் கண்ணி நான்தான் என்பது அன்று கப்பல் கிளம்பிப் போகிறபோதுதான் உறைத்தது. எனக்கு அது ஒரு நாள் நஷ்டம். அவர்களுக்குப் பன்னிரண்டு நாள் சாப்பாடு.

கறுத்த தார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாட்டுத்தாவணிக்குத் திரும்பிப் போனேன். வாழைக்காய் வியாபாரம் பார்க்கும் பெரியவர் ஒருவர் தோலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ன தம்பி, பச்சப்புள்ளைய மார்கழிப் பனியில போட்ட மாதிரி போட்டிருக்கீக." வாழை 13 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்று பிறகு புத்தகத்தில் படித்தேன். அவர் புத்தகம் படித்ததில்லை.

அதன்பிறகு மதுரைக்கு வெளியே ஒரு சின்னக் குளிர் அறையை வாடகைக்குப் பிடித்தேன். ஓட்டை போட்ட பெட்டிகளை இரண்டு வரிசையாக, ஓட்டைக்கு ஓட்டை நேராக அடுக்கி, நடுவில் சந்து விட்டு, மேலே தார்ப்பாய் மூடி, ஒரு முனையில் பெரிய ஃபேன் வைத்துக் காற்றை உறிஞ்ச வேண்டும். குளிர்காற்று பெட்டியைச் சுற்றிக்கொண்டு போகாமல் காய்க்கு ஊடாகவே போகும். இதில் ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் கிடையாது. ஆனால் வண்டியில் ஏற்றும்போதே காய் குளிர்ந்திருக்கும். வாழைக்கும் தக்காளிக்கும் தனி அறை. பழுக்கிற வாழை எத்திலீன் விடும், பக்கத்தில் கீரை இருந்தால் மஞ்சளாகிவிடும்.

அதைவிடக் கஷ்டமான வேலை வாடிப்பட்டி, அலங்காநல்லூர் பக்கம் விவசாயிகளிடம் பேசுவது. விடிவதற்கு முன்னால் பறித்துக் கொடுங்கள் என்று கேட்டேன். ஒருவர் நேராகவே கேட்டார்: "கப்பல்காரன் வேண்டாம்னு திருப்பி அனுப்பினா அது யாரு தலையில விடியும்?" அதுவரை விவசாயி தலையில்தான் விடிந்துகொண்டிருந்தது. அன்று ஒரு முடிவு செய்தோம். குளிர் அறைக்குள் எடை போட்டு எடுத்துவிட்டால், அதற்குப் பிறகு என்ன ஆனாலும் எங்கள் நஷ்டம். முதலாளி ஒத்துக்கொள்ள ஆறு மாதம் ஆனது. மண்டியில் ரொக்கம், கப்பலில் அறுபது நாள் கடன் என்று ஓடுகிற தொழில் இது, அவரைக் குறை சொல்ல முடியாது.

காகித வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. 1962-ஆம் வருடச் சுங்கச் சட்டத்தில் கப்பல் ஸ்டோர்ஸுக்கென்று தனிப் பிரிவுகள் உண்டு. கப்பலின் அளவு, ஆட்களின் எண்ணிக்கை, பயண தூரம் இவற்றைப் பார்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று அதிகாரி முடிவு செய்வார், அதற்கு ஏற்றுமதி வரி கிடையாது. லிஸ்டில் இல்லாத பொருள் கேட் தாண்டாது. இதைக் கேட்டுச் சலித்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எகிப்தில் செங்கடல் ஓரம் பெரெனிகே என்று ஒரு பழைய துறைமுகம். அங்கே அகழ்ந்தபோது, இன்ன சரக்கைச் சுங்க வாசல் தாண்ட விடுக என்று பானை ஓட்டில் எழுதிய அனுமதிச் சீட்டுகள் கிடைத்திருக்கின்றன. ஏறக்குறைய 2000 வருடத்துக்கு முந்தியவை. அதே ஊரில் தமிழ் பிராமி எழுத்து உள்ள ஓடும் கிடைத்தது. நம் வைகை கடலில் சேரும் அழகன்குளத்திலோ கப்பல் படம் கீறிய ஓடு கிடைத்தது. ஆக, கேட்டில் காத்துக் கிடப்பது நமக்குப் பழக்கமான விஷயம்தான்.

அந்த லிஸ்ட் விஷயமாகவே 2020 ஆகஸ்டில் ஒன்று நடந்தது. கொரோனா காலம். கப்பலில் இருப்பவர்கள் கேங்வேயை விட்டு இறங்கக் கூடாது, நாங்கள் ஏறக் கூடாது. வலையில் கட்டிக் கிரேனில் தூக்கிக்கொள்வார்கள். அந்த வருடக் கடைசியில் உலகம் முழுவதும் சுமார் நாலு லட்சம் கடலோடிகள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் கப்பலிலேயே கிடந்தார்கள். எங்கள் பெர்த்துக்கு வந்த ஒரு கப்பலில் மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் ஃபிட்டராக இருந்தான். ஒன்பது மாத ஒப்பந்தம், அது பதினான்காவது மாதம். மாற்று ஆள் வரவில்லை. வீடு 160 கிலோமீட்டர்தான், ஆனால் இறங்க முடியாது. அவன் அப்பா ஒத்தக்கடையில் எங்கள் வண்டியை நிறுத்தி ஒரு ஊறுகாய் பாட்டிலை நீட்டினார். எலுமிச்சங்காய், அவன் அம்மா போட்டது.

வாங்கி ஒரு வெங்காயச் சாக்குக்குள் போட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. டிரைவர் அண்ணன் அதைத்தான் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. பிடிபட்டால் போகப்போவது அந்தப் பாட்டில் மட்டுமல்ல, எங்கள் துறைமுக அனுமதியும்தான். கப்பல் ஏஜென்டைக் கூப்பிட்டு, கேப்டனிடம் மெயில் வாங்கி, லிஸ்டைத் திருத்தி, 'எலுமிச்சை ஊறுகாய், 1 பாட்டில்' என்று கடைசி வரியாகச் சேர்த்தோம். ஒன்றரை மணி நேரம் தாமதம். அதிகாரி அந்த வரியைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார். வலை மேலே போனது. பையன் ரெயிலிங் ஓரம் வந்து நின்று கையைத் தூக்கினான். முகக்கவசம் போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை.

அந்த வருடம் செப்டம்பரில்தான் தூத்துக்குடி, கொச்சி வழியாக மாலத்தீவுக்கு நேரடிச் சரக்குக் கப்பல் சேவை ஆரம்பித்தார்கள். அதற்கெல்லாம் முன்னாலிருந்தே நம் தோணிகள் மாலே போய்க்கொண்டிருக்கின்றன. 400 கடல் மைலுக்குச் சற்று மேல், மூன்று நாள் ஓட்டம். தென்மேற்குப் பருவக்காற்று மும்முரமாக வீசும் மாதங்களில் மட்டும் கட்டிப்போட்டுவிடுவார்கள். அந்தத் தீவுகளில் விளைச்சல் குறைவு. 2024-25 வருடத்துக்கு மட்டும் மாலத்தீவுக்கு 42 கோடிக்கு மேல் முட்டை, 35 ஆயிரம் டன்னுக்கு மேல் வெங்காயம் அனுப்ப இந்திய அரசு ஒதுக்கீடு செய்தது. அங்கே மொத்தமே ஐந்து லட்சம் சொச்சம் ஜனம். மீதி யாருக்கு என்கிறீர்களா? ரிசார்ட்டுகளுக்கு வரும் விருந்தாளிகளும் சாப்பிட வேண்டுமல்லவா!

இனி அந்த யாட் கதை. மால்டாவிலிருந்து மாலே வந்த ஒரு தனியார் படகு. மாலே ஏஜென்ட் லிஸ்ட் அனுப்பினார். வெண்டைக்காய் விரல் நீளத்துக்கு மேல் கூடாது, கொத்தமல்லி வேரோடு வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் போட்டோ. கடைசியில், இரவு விருந்து மேசைக்கு மல்லிகைப்பூ இரண்டு கிலோ, மொட்டாக. மதுரை மல்லிக்கு 2013-இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பறக்கிறது, எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் மாலே விமானம் திருவனந்தபுரத்திலிருந்து. விடியற்காலையில் பறித்த மொட்டை தெர்மகோல் பெட்டியில் ஐஸோடு கட்டி, முந்நூறு கிலோமீட்டர் காரில் ஓட்டி, விமானத்தில் ஏற்றி, சாயங்காலம் மலர்வதற்கு முன்னால் மேசைக்குப் போக வேண்டும். போய்ச் சேர்ந்தது. படகின் சமையல்காரர் போட்டோ அனுப்பினார். வெள்ளித் தட்டில் பூவைக் கொட்டி வைத்திருந்தார்கள். மாட்டுத்தாவணியில் பூக்கட்டும் அக்காவிடம் காட்டினேன். "இப்படிக் கொட்டி வைக்கவா இத்தனை பாடு? தொடுத்துக் கேட்டிருந்தா தொடுத்துக் கொடுத்திருப்பேனே" என்று கோபித்துக்கொண்டார்.

எனக்கு அந்த விருந்தைவிட, எட்டு டாலர் கணக்கில் ஓடும் நிலக்கரிக் கப்பல் குக் ஊசியைச் செருகிப் பார்த்து 7 டிகிரி என்று தலையாட்டியதுதான் பெரிய சந்தோஷம். நாலு வருடம் கழித்து வந்த, அதே பிலிப்பைன்ஸ்காரர்தான். என்னை அவருக்கு ஞாபகம் இருந்ததா என்று தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

இன்னும் பேசலாம். ஆனால் நாளை மதியம் ஒரு கப்பல் பெர்த்துக்கு வருகிறது, இருபத்தொரு பேர். விடிவதற்கு முன் குளிர் அறையில் பெட்டி அடுக்க வேண்டும். கடைசி வரிசைத் தம்பிகளில் யாருக்காவது ராத்திரி தூக்கம் வராவிட்டால் 2 மணிக்கு மாட்டுத்தாவணிக்கு வாருங்கள், தெர்மாமீட்டர் பிடிக்க ஒரு கை குறைகிறது. டீ என் செலவு.