நர்சுக்குக் கைப்பேசியா? கைப்பேசிக்கு நர்சா?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், வீடு வீடாய்ச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் நர்சுகளுக்குக் கைப்பேசி எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதாகும். இது உத்தியோகஸ்தர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய காரியம் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. படுக்கையில் கிடப்பவர் நம் வீட்டில் கிடக்கிறார். ஆதலால் இது நம்முடைய காரியமேயாகும்.

2021-ஆம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் துவக்கப்பட்டது. அதன்படி பெண் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். எழுந்திருக்க முடியாதவர்களை நர்சு வந்து கவனிக்கிறார். பார்த்த கணக்கு கைப்பேசியில் ஏறுகிறது.

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். இரத்த அழுத்தம் 140-க்கு 90 என்ற அளவைத் தாண்டினாலும் பெரும்பாலோருக்கு வலியும் இல்லை, அடையாளமும் இல்லை. ஒரு நாள் பார்த்த கணக்கை மாத்திரம் வைத்துக்கொண்டு டாக்டர் அதிகமாய் எதையும் சொல்லிவிட முடியாது. ஆறு மாதக் கணக்கு வரிசையாய்க் கண்முன் இருந்தால் மருந்து பிடிக்கிறதா, இல்லையா என்பது விளங்கிவிடும். கை கால் விழுந்த பிறகு தலைவிதி என்று அழுவதைவிட, விழுவதற்கு முன்பே கணக்கைப் பார்ப்பது புத்திசாலித்தனம் அல்லவா? அதுபோலவே படுக்கைப்புண்ணை, நோயாளியின் சம்மதத்தோடு, வாரம் ஒருமுறை படம் பிடித்தனுப்பினால் அது ஆறுகிறதா, பெருகுகிறதா என்று டாக்டர் இருந்த இடத்திலிருந்தே பார்த்துச் சொல்லலாம்.

நிற்க, கைப்பேசி கொடுத்தாய்விட்டது, இனி எல்லாம் சரியாய்விடும் என்று நம்புவதும் ஒரு மூடநம்பிக்கையேயாகும். புண்ணைக் கழுவுவது நர்சின் கையே தவிர கைப்பேசியல்ல. ஒரே சங்கதியை நோட்டிலும் எழுது, கைப்பேசியிலும் ஏற்று என்றால், நோயாளிக்கு இருந்த நேரமும் போய்விடாதா? சிக்னல் கிடைக்காத மலைக்கிராமத்தில், எழுதியதைப் பத்திரமாய் வைத்திருந்து பிறகு அனுப்பத் தெரியாத கருவியால் யாருக்கு என்ன பயன்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஹரியானாவில் 2021-இல் ‘ஆஷா’ என்னும் கிராம சுகாதாரப் பெண் ஊழியர்கள், தங்கள் கைப்பேசியில் ஏற்றச் சொன்ன ஒரு செயலி தாங்கள் போகுமிடத்தையெல்லாம் வேவு பார்க்கும் என்று சொல்லி அதை எதிர்த்துப் போராடினார்கள். நிரந்தரச் சம்பளம் கொடுக்காமல் ஊக்கத்தொகை கொடுத்து வேலை வாங்குவது போதாதென்று, வேவும் பார்ப்பதென்றால் அது என்ன நியாயம்?

ஹாலந்து தேசத்தில் வேறு மாதிரி நடக்கிறது. அங்கே ஜோஸ் டி பிளாக் என்ற நர்சு 2006-இல் ‘பூர்ட்சோர்க்’ என்னும் ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். 12 பேருக்கு மேற்படாத நர்சுகள் ஒரு குழுவாய்ச் சேர்ந்து, யார் வீட்டுக்கு யார் போவது என்பதை மேலே ஒரு மானேஜர் இல்லாமல் தாங்களே தீர்மானிக்கிறார்கள். நோயாளியின் விவரமும் தங்களுக்குள் கலந்து பேசுவதும் கம்ப்யூட்டர் ஏற்பாட்டின் மூலம் நடக்கின்றன. அங்கே கருவி நர்சுக்கு வேலைக்காரன். ஹரியானாவிலோ அதைச் சுகாதார ஊழியர்கள்மேல் கங்காணியாக்கப் பார்த்தார்கள். கருவியில் குற்றமில்லை, யார் நன்மைக்காக அது வைக்கப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆகவே தோழர்களே! நோட்டு வேலை குறைந்ததா, தமிழில் எழுத முடிகிறதா, நோயாளியின் பக்கத்தில் இருக்கும் நேரம் கூடியதா என்று நர்சுகளையே கேளுங்கள். இல்லையென்று அவர்கள் சொன்னால், சர்க்காரிடம் அவர்களோடு சேர்ந்து நீங்களும் கேளுங்கள். வீட்டுக்கு வருகிறவர் என்ன ஜாதி என்று விசாரிக்காமல், உட்கார நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.