முகம் பார்க்கத் தெரிந்தவர்கள்

அன்புள்ள பட்டதாரிகளே, அவர்களை இந்த நாற்காலி வரை கொண்டுவந்து சேர்த்த பெற்றோர்களே, பேராசிரியப் பெருமக்களே,

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு ஆண்டாள் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் அவள் அப்பா பெரியாழ்வாரின் கோபத்தை மட்டும் இன்று நினைத்துப் பாருங்கள். பெருமாளுக்குக் கட்டிய மாலையை மகள் முதலில் தான் சூடி அழகு பார்க்கிறாள். அப்பாவுக்குத் தெரிந்ததும் கடிந்துகொள்கிறார். அந்த மாலையைச் சாத்தாமல் விடுகிறார். முறைப்படி அவர் செய்தது சரி. ஆனால் கனவில் வந்த பெருமாள், அவள் சூடிய மாலையே வேண்டும் என்கிறார். தப்பு என்று பெரியாழ்வார் பார்த்த இடத்தில் இருந்தது அன்பு. பிடித்த பிடியை விட்டு அதை ஏற்றுக்கொண்டாரே, அந்த மனசைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1990-ல் பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் தன் உணர்வையும் பிறர் உணர்வையும் அறிந்து நடக்கும் இந்தத் திறமையை உணர்வுசார் நுண்ணறிவு என்ற பெயரில் ஆராய்ந்து எழுதினார்கள். 1995-ல் டேனியல் கோல்மனின் புத்தகம் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. வள்ளுவரோ, முகம் பார்த்து மனதை அறிவதற்கு, குறிப்பறிதல் என்ற தலைப்பில் பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று என்று இரண்டு அதிகாரங்கள் வைத்தார். வேலைக்கும் வீட்டுக்கும் வேண்டிய திறமை இது.

இராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடத்துக்குள் போய் நில்லுங்கள். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சுகூடக் காதில் விழாது. முகத்தையும் கையசைவையும் பார்த்துத்தான் வேலை நடக்கும். உங்களில் சிலர் நாளை மில்லில் சூப்பர்வைசர் ஆவீர்கள். ஓர் அக்காவின் தறியில் இழை அறுந்துகொண்டே இருக்கிறது. "ஏன் உற்பத்தி குறைஞ்சது?" என்று அதட்டுவது சுலபம். நூல் மோசமா, காய்ச்சல்காரப் பிள்ளையோடு ராத்திரி முழுக்க விழித்திருந்தாரா? முகத்தைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிடாது. ஆனால் தனியாகக் கூப்பிட்டு, "என்னக்கா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்கத் தோன்றும். மீதியை அவரே சொல்வார்.

கோபமே படாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உழைத்த கூலியைப் பிடித்தால், கண்ணெதிரில் ஒருவரை அவமானப்படுத்தினால் கோபம் வரத்தான் வேண்டும். அது யார் மேல், எதற்காக என்பது மட்டும் உங்களுக்குத் தெளிவாக இருக்கட்டும். மேலதிகாரி திட்டியதை வீட்டுக்குக் கொண்டுபோய், சோறு போடும் அம்மா மேல் இறக்கிவைக்காதீர்கள்.

இன்னும் சற்று நேரத்தில் குரூப் போட்டோவுக்குக் கூடுவீர்கள். நினைத்த வேலை இதுவரை கிடைக்காத நண்பர்கள் இந்த அரங்கில் சிரித்த முகத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் யாரென்று உங்களுக்கே தெரியும். போட்டோவுக்கு அவர்களை முதலில் கூப்பிடுங்கள்.