108 வந்து நின்ற இடம்



பெரியம்மாவுக்கு நள்ளிரவில் மூச்சுத்திணறல் வந்தது. 108-ஐ அழைத்தேன். "தெரு பேரு, கதவு எண் சொல்லுங்க" என்றார்கள். எங்கள் தெருக்களுக்குப் பெயர் கிடையாது. எல்லா வீட்டுக்கும் ஒரே முகவரி: 'காலனி'. வேறு வழியில்லாமல் மாரியம்மன் கோயிலை அடையாளம் சொன்னேன். எங்களை உள்ளே விடாத கோயில். ஆம்புலன்ஸ் ஊர்த்தெருவில் அந்தக் கோயில் வாசலில் போய் நின்றது. செல்போன் வெளிச்சத்தில் ஓடிப்போய் அழைத்து வந்தோம். பெரியம்மா பிழைத்துக்கொண்டார்.

'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் ஊரில் தெருவுக்கொரு பெயர். சேரிக்கு மொத்தமாக ஒரே பெயர். 'காலனி'யை அழித்து 'நகர்' என்று எழுதினால் மட்டும் ஓட்டுநருக்கு வீடு தெரிந்துவிடுமா?

நம் கிராமங்களில் கதவு எண் என்பது பெரும்பாலும் வீட்டுவரி ரசீதில் இருக்கும் எண். வரி வசூலிக்க அது போதும். வீட்டைத் தேடி வருபவருக்குப் போதாது. அமெரிக்காவின் பல உள்ளாட்சிகளில் அவசர உதவிக்காகவே விதி வைத்திருக்கிறார்கள். தெரு தொடங்கும் இடத்திலிருந்து தூரத்தை அளந்து எண் தருகிறார்கள். ஒரு பக்கம் ஒற்றைப்படை, எதிர்ப்பக்கம் இரட்டைப்படை. ஒரே பெயரில் இரண்டு தெரு இருக்கக் கூடாது.

அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொடுங்கள்: சந்துக்கொரு பெயர், வரிசையான எண், முனையில் பலகை, அந்தப் பட்டியல் 108-க்கும் போக வேண்டும்.

இனி அவசரத்துக்கு அழைத்தால், கோயிலைச் சொல்லாமல் எங்கள் வீட்டைச் சொல்ல வேண்டும்.