இரு வழி மின்சாரம், ஒரு தேக்கம்



கோலார் தங்க வயலின் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்த ஆண்டு 1902. சிவசமுத்திரத்தில் காவிரி விழும் வேகத்தால் உண்டான அம்மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே இங்கு வந்து சேர்ந்தது. ஆயினும், கோடையில் ஆற்று நீர் குறைந்தால் மின்சாரமும் குறையுமே என்ற கவலை இருந்தது. அக்கவலை தீரவும், பாசனம் பெருகவும், 1911-இல் கண்ணம்பாடியில் அணை கட்டத் தொடங்கினார்கள். கிடைக்கும் காலம் ஒன்று, வேண்டும் காலம் மற்றொன்று. இடையே ஒரு தேக்கம் இருத்தல் வேண்டும்.

சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டுவிட்டன. எனினும் அந்தப் பாடம் மிகச் சிறிய தேக்கமொன்றுக்கும் பொருந்தும். வண்டியில் வைக்கும் பாட்டரியையே சொல்கிறேன்.

இராபர்ட்சன்பேட்டையிலிருந்து சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குச் செல்லும் நடமாடும் மருத்துவ வண்டி ஒன்றை எண்ணிப் பாருங்கள். இன்சுலின் போன்ற மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் காக்க, அதில் ஒரு சிறு குளிர்பெட்டி உண்டு. எஞ்சின் ஓடும்வரை குறையில்லை. வண்டி நின்ற பிறகும் குளிர்பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். எஞ்சினைக் கிளப்பும் பாட்டரியிலிருந்தே அதனை எடுத்தால், மாலையில் சாவியைத் திருப்பும்போது வண்டி கிளம்பாது. அந்த நேரத்தில் நோயாளி ஒருவரை அவசரமாகக் கொண்டுசெல்ல நேர்ந்தால் என்ன ஆகும்? ஆகவே உள் உபயோகத்துக்கென இரண்டாவது பாட்டரி ஒன்று தனியே இருத்தல் வேண்டும்.

அதனை நிரப்ப இரு வழிகள் உள்ளன. ஒன்று, எஞ்சினோடு சுழலும் ஆல்டர்னேட்டர். மற்றொன்று, கூரைமேல் பதித்த சூரியத் தகடு. இவ்விரண்டையும் ஒரே பாட்டரியில் இணைக்கலாமா என்று பலர் ஐயுறுகின்றனர். தாராளமாக இணைக்கலாம். இரண்டு கால்வாய்கள் ஒரே ஏரியில் விழுவதைப் போன்றது அது. ஆனால் ஒவ்வொரு கால்வாய்க்கும் தனித்தனி மதகு வேண்டும்.

சூரியத் தகட்டின் மதகு, சார்ஜ் கண்ட்ரோலர் என்னும் கருவி. 12 வோல்ட் ஈயப் பாட்டரியை அது சுமார் 14.4 வோல்ட் வரை ஏற்றி, நிரம்பியபின் 13.6 அளவுக்கு இறக்கிக் காக்கும். ஆல்டர்னேட்டர் பக்கத்தில், எஞ்சின் ஓடும்போது மட்டும் இரு பாட்டரிகளையும் இணைக்கும் ரிலே ஒன்று பழைய வண்டிகளுக்குப் போதும். புதுவகை வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் அழுத்தம் ஏறி இறங்கும். லித்தியம் பாட்டரியோ மிகுதியாக மின்சாரத்தை இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடேற்றிவிடும். இவ்விடங்களில் ரிலேக்குப் பதிலாக, மின்னோட்டத்தை அளவோடு விடும் டி.சி. சார்ஜரை வைப்பதே தக்கது.

இரண்டும் ஒருங்கே இயங்கும்போது, ஒன்று உயர்த்திய அழுத்தத்தைக் கண்டு மற்றொன்று தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளக்கூடும். அதனால் தீங்கொன்றும் இல்லை.

இரண்டும் ஏன் வேண்டும்? ஈயப் பாட்டரி முதல் எண்பது பங்கை விரைவில் ஏற்கும். கடைசி இருபது பங்குக்குப் பல மணி நேரம் பிடிக்கும். அதற்காக எஞ்சினை ஓடவிடுவது டீசலை வீணாக்குவதாகும். அரைகுறையாகவே விட்டுவைத்தாலோ, தகடுகளில் சல்பேட்டு இறுகிப் பாட்டரியின் ஆயுள் குறையும். காலைப் பயணத்தில் எஞ்சின் விரைந்து ஊட்டட்டும். பகல் முழுதும் கதிரவன் மெல்ல நிரப்பட்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 40 வாட் குளிர்பெட்டி பாதி நேரம் இயங்கினால், நாளொன்றுக்கு 480 வாட்-மணி, அதாவது 40 ஆம்பியர்-மணி செலவாகும். 100 வாட் சூரியத் தகடு, நல்ல வெயிலில் சேதாரம் போக ஏறக்குறைய 30 தரும். எஞ்சின் வழியே 20 ஆம்பியர் வீதம் அரை மணி ஏற்றினால், குறையும் 10 ஈடாகிவிடும். மழை மூட்டமுள்ள நாட்களில் எஞ்சினின் பங்கு கூடும். தகட்டின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் வரவு வெகுவாகக் குறையும். நோயாளிகள் புளியமர நிழலில் அமரட்டும், வண்டி வெயிலில் நிற்கட்டும்.

சில எச்சரிக்கைகள். ஒவ்வொரு பாட்டரியின் நேர்முனைக்கு அருகிலும் பியூஸ் இருத்தல் வேண்டும். கம்பி தடிமனாக இருக்கட்டும். கண்ட்ரோலரில் முதலில் பாட்டரியையும், பின்னரே தகட்டையும் இணைக்க வேண்டும். ஈயப் பாட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிப்படும். காற்றோட்டம் அவசியம், நெருப்பு ஆகாது.

ஓய்வில் இருக்கும் ஈயப் பாட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.1 ஆனால் பாதி காலி. நாள்தோறும் அந்த அளவைப் பார்த்து வருபவர் வண்டி, மாலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பும்; மருந்தும் குளிர் மாறாமல் அடுத்த ஊர் சென்று சேரும்.