ஸ்கா சங்கீதம்: இன்றும் இனியும்



மேஜையின் மேலோ தொடையின் மேலோ ஒரே சீராக நான்கு தட்டுத் தட்டிப் பாருங்கள். கை விழுகிற இடம் ஒன்று. விழுந்த கை மறுபடியும் மேலே எழுகிற இடம் மற்றொன்று. மேல்நாட்டு நடன சங்கீதத்தில் பெரும்பகுதி, கை விழுகிற இடத்தில்தான் தன் பலத்தையெல்லாம் வைக்கிறது. ஜமேக்காத் தீவில் பிறந்த ஸ்கா என்னும் சங்கீதமோ, கை எழுகிற அந்த இடைவெளியில் கிட்டாரையும் பியானோவையும் வெட்டி வெட்டி ஒலிக்கவிட்டு, கீழே பாஸ் வாத்தியம் நிதானமாக நடந்துகொண்டிருக்க, மேலே டிரம்பெட்டும் சாக்ஸபோனும் டிராம்போனும் ஒரே குரலாக எழுந்து பாட, கேட்பவனுடைய பாதம் அவனையறியாமலே தரையை விட்டுக் கிளம்பும்படி செய்துவிடுகிறது.

இந்தச் சங்கீதத்தின் காலம் முடிந்துவிட்டது என்று சென்ற அறுபது ஆண்டுகளில் பல தடவை தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். 1966-இல் அதன் சொந்த ஊரான கிங்ஸ்டனிலேயே சொன்னார்கள். 1980-களின் நடுவில் இங்கிலாந்தில் சொன்னார்கள். இந்த நூற்றாண்டு பிறந்தபோது அமெரிக்காவில் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் அது வேறோரிடத்தில் தலைதூக்கியதைக் கண்ட சரித்திரக்காரர்கள், முதல் அலை, இரண்டாம் அலை, மூன்றாம் அலை என்று எண்ணிட்டு வைத்தார்கள். அந்த எண்ணிக்கையில் எனக்கு அதிக நம்பிக்கையில்லை. பாஷன் வருவதையும் போவதையும் அது காட்டுமேயன்றி, சங்கீதம் எதனால் பிழைத்திருக்கிறது என்பதைக் காட்டாது. ஊதுவாத்தியம் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் எங்கே உண்டாகிறார்களோ அங்கே ஸ்கா உண்டாகிறது. அவர்கள் அருகிப்போன இடத்தில் அதுவும் அருகிப்போகிறது. அதன் எதிர்காலத்தைப் பற்றி நான் சொல்லவிருப்பதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே அமையும்.

ஆரம்பத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 1950-களில் கிங்ஸ்டன் நகரத்து ஏழை ஜனங்கள் நடனமாடியது வீதியோரங்களிலும் திறந்த வெளிகளிலும். பெரிய பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கிவைத்து, அமெரிக்காவிலிருந்து தருவித்த ரிதம் அண்ட் புளூஸ் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, கட்டணம் வாங்கி ஆடவைக்கும் தொழிலை 'சவுண்ட் சிஸ்டம்' என்றார்கள். காக்ஸன் டாட், டியூக் ரீட், பிரின்ஸ் பஸ்டர் ஆகியோர் அத்தொழிலில் கடும் போட்டியிட்டவர்கள். அமெரிக்காவின் ருசி ராக் அண்ட் ரோல் பக்கம் திரும்பி, ஜமேக்கா விரும்பிய விதமான இசைத்தட்டுகள் வருவது குறைந்ததும், வேறு வழியின்றி சவுண்ட் சிஸ்டக்காரர்களே உள்ளூர் வித்துவான்களைக் கூட்டி ஒலிப்பதிவு செய்யலானார்கள். 1962 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஜமேக்கா சுதந்திரம் பெற்றபோது அந்தத் தீவின் உற்சாகத்துக்கு ஏற்ற சங்கீதம் தயாராயிருந்தது. இரண்டாண்டுக்குள் மில்லி ஸ்மால் என்னும் இளம்பெண் பாடிய 'மை பாய் லாலிபாப்' பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இரண்டாம் இடத்தைப் பிடித்தது.

ஆனால் கூட்டி வைப்பதற்கு வித்துவான்கள் எங்கிருந்து வந்தார்கள்? அந்தக் கேள்விக்குப் பெரும்பகுதி பதில் கிங்ஸ்டனில் சவுத் கேம்ப் ரோடு என்னும் சாலையிலிருக்கிறது. 1880-இல் தோன்றி, பின்னர் கத்தோலிக்கக் கன்னிகாஸ்திரிகளின் பராமரிப்பில் வளர்ந்த ஆல்ஃபா பள்ளி, அநாதைகளையும் வறுமைப்பட்ட பிள்ளைகளையும் வழிதவறிய சிறுவர்களையும் ஏற்று, அச்சுக்கோப்பதும் தைப்பதும் தோட்டவேலையும் கற்பித்ததோடு, சங்கீதத்தையும் ஒரு கைத்தொழிலாகவே கற்பித்தது. வாத்தியம் பயின்ற பையன் ராணுவ பாண்டிலோ ஹோட்டல் கோஷ்டியிலோ சேர்ந்து சோற்றுக்கு வழி தேடிக்கொள்வான் என்பதே அதன் நோக்கம். 1939 முதல் 2003-இல் காலமாகும் வரையில் அங்கே பணியாற்றிய ஸிஸ்டர் மேரி இக்னேஷியஸ், ஜாஸ் என்றும் கியூபா சங்கீதம் என்றும் பேதமில்லாமல் இசைத்தட்டுகளைச் சேகரித்து, பிள்ளைகளை உட்காரவைத்துப் போட்டுக் காட்டிய உத்தமி. டிரம்பெட் வித்துவான் ஜானி மூர், அந்தப் பள்ளியில் சேர்த்துவிடமாட்டார்களா என்னும் ஆசையால் வீட்டில் வேண்டுமென்றே சேட்டை செய்தவர் என்று சொல்வார்கள்.

1964-இல் ஸ்காட்டலைட்ஸ் என்னும் கோஷ்டி உருவானபோது, டிராம்போனுக்கு டான் டிரம்மண்ட், டெனர் சாக்ஸபோனுக்கு டாமி மெக்குக், ஆல்டோ சாக்ஸபோனுக்கு லெஸ்டர் ஸ்டெர்லிங், டிரம்பெட்டுக்கு ஜானி மூர் என்று அதன் முன்வரிசையில் நின்ற நால்வர் ஆல்ஃபாவின் பிள்ளைகள். டிரம்மண்டின் டிராம்போன், குதூகலமான தாளத்தின் மேல் ஒரு பெருந்துயரத்தை ஏற்றி வைத்தது. குழலை நீட்டியும் சுருக்கியும் ஸ்வரங்களை இழைத்துக்கொண்டே போகக்கூடிய அந்த வாத்தியத்தில், மைனர் ஸ்வரவரிசையில் அவர் மெல்ல எடுக்கும் பிடிகளைக் கேட்டால், ஆடுவதற்காகச் செய்த சங்கீதம் இவ்வளவு ஆழத்தைத் தாங்குமா என்று வியக்கத் தோன்றும். அவருடைய வாழ்க்கை பரிதாபமாக முடிந்தது. சித்தபேதத்தால் நெடுநாள் அவதியுற்றிருந்த அவர், 1965-ஆம் வருஷத்தின் தொடக்கத்தில் தம்முடன் வாழ்ந்த மார்கரீட்டா என்னும் நர்த்தகியைக் கொன்ற குற்றத்துக்காக மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டு, 1969-இல் அங்கேயே இறந்தார். கோஷ்டியும் 1965 ஆகஸ்டுக்குப் பிறகு கலைந்தது. ஓராண்டுக்குச் சற்றே அதிகமான காலத்தில் அவர்கள் பதிவுசெய்து வைத்த செல்வத்தைத்தான் இன்றளவும் உலகம் செலவிட்டுக்கொண்டிருக்கிறது.

அதே பள்ளியில் டிரம்மண்டிடம் டிராம்போன் கற்ற மற்றொருவர் ரிக்கோ ராட்ரிகஸ். 1961-இல் அவர் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். 1967-இல் லண்டனில் டாண்டி லிவிங்ஸ்டன் ரூடி என்பவனை விளித்துப் பாடிப் பதிவுசெய்த பாட்டிலே ஒலிப்பது ரிக்கோவின் டிராம்போன். பன்னிரண்டு ஆண்டு கழித்து, மோட்டார் தொழில் நலிந்து வேலையின்மை பெருகிய காவன்ட்ரி நகரத்தில், கறுப்பரும் வெள்ளையருமாகச் சேர்ந்து நின்ற ஸ்பெஷல்ஸ் என்னும் வாலிபர் கோஷ்டி, அதே பாட்டை 'எ மெஸேஜ் டு யூ ரூடி' என்று புதிதாகப் பாடியபோது, டிராம்போன் வாசிக்க அந்த ரிக்கோவையே அழைத்து வந்தார்கள். தந்தை வயதுள்ள ஒரு ஜமேக்கா வித்துவானை இளைஞர்கள் நடுவில் நிறுத்திய அந்தச் செயலுக்குள்ளே, டூ டோன் இயக்கத்தின் லட்சியம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஸ்பெஷல்ஸ் கோஷ்டியைச் சேர்ந்த ஜெரி டாமர்ஸ் 1979-இல் தொடங்கிய டூ டோன் இசைத்தட்டு நிறுவனத்தின் கறுப்பு-வெள்ளைக் கட்டங்கள் வெறும் அலங்காரமல்ல; இனத்துவேஷம் வீதிகளில் திரிந்த காலத்தில், ஒரே மேடையில் இரு நிறத்தாரும் நின்று வாசிப்பது ஒரு பிரகடனமாகவே இருந்தது. 1981-இல் இங்கிலாந்தின் நகரங்களில் கலகங்கள் மூண்ட கோடையில் ஸ்பெஷல்ஸின் 'கோஸ்ட் டவுன்' முதலிடத்தில் நின்றது; அதிலும் ரிக்கோவின் டிராம்போன் உண்டு.

அமெரிக்காவில் 1990-களில் நடந்ததை விரித்துரைக்க வேண்டியதில்லை. பங்க் ராக்கின் வேகத்தோடு ஸ்காவைப் பிணைத்து, மைட்டி மைட்டி பாஸ்டோன்ஸ், ரீல் பிக் ஃபிஷ், லெஸ் தேன் ஜேக் முதலிய கோஷ்டிகள் சில ஆண்டுகள் பெரும் புகழோடு விளங்கின. அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் அணிவகுத்துச் செல்லும் வாத்தியக் கோஷ்டிகள் சாதாரணமாகையால், டிரம்பெட் தெரிந்த பையன்களுக்கும் பெண்களுக்கும் பஞ்சமில்லை; பள்ளி முடிந்ததும் அவர்கள் கையிலிருந்த வாத்தியத்துக்கு ஸ்கா வேலை கொடுத்தது. பெரிய கம்பெனிகள் இதைக் கண்டு பணத்தைக் கொட்டின. நூற்றாண்டு முடிவதற்குள் கையை உதறிவிட்டன. கம்பெனிகள் போனதற்காக நான் வருந்தவில்லை. சிரிப்புப் பாட்டுக்கு மட்டுமே உதவும் சங்கீதம் இது என்னும் கெட்ட பெயரை அவை விட்டுச்சென்றதற்காகத்தான் வருந்துகிறேன்.

இன்றைய நிலைமையில் முதலில் கண்ணில் படுவது இழப்புகள். ரிக்கோ 2015-இலும், பிரின்ஸ் பஸ்டர் 2016-இலும், மில்லி ஸ்மால் 2020-இலும் மறைந்தார்கள். ஸ்பெஷல்ஸ் கோஷ்டியார் 2019-இல் வெளியிட்ட ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. ஆனால் அவர்களுடைய பாடகர் டெரி ஹால் 2022 டிசம்பரில் காலமானார். பாஸ்டோன்ஸ் அதே வருஷத்தின் தொடக்கத்தில் கலைந்தார்கள். ஸ்காட்டலைட்ஸின் ஆல்ஃபா நால்வரில் எஞ்சியிருந்த லெஸ்டர் ஸ்டெர்லிங் 2023-இல் போய்ச் சேர்ந்தார். ஜமேக்காவிலோ ஸ்கா என்பது இன்று பெருமைக்குரிய பூர்விக சொத்தாகப் பேணப்படுகிறதேயன்றி, இளைஞர் கூட்டம் தினந்தோறும் தேடி ஓடும் சங்கீதமாக இல்லை. 1985-இல் ஒரு சின்னஞ்சிறு காஸியோ வாத்தியத்திலிருந்த தாளத்தை வைத்துச் செய்த 'ஸ்லெங் டெங்' என்னும் பாட்டு தீவையே ஆட்டிவைத்தது முதல், ஊதுவாத்தியக்காரர்களை அழைக்க வேண்டிய நிர்ப்பந்தம் ஒலிப்பதிவுக் கூடங்களுக்குக் குறைந்துகொண்டே வந்தது. ஆல்ஃபாவின் விடுதியும் 2014-இல் மூடப்பட்டது. ஆயினும் வாத்தியப் பயிற்சி நிற்கவில்லை. பகலில் வந்து கற்றுப் போகும் இளைஞர்களைக் கொண்டு அது நடந்துவருகிறது என்பது ஆறுதலான செய்தி.

இழப்புகளுக்கு நடுவே முளைத்திருப்பவற்றையும் பார்க்க வேண்டும். 1998-இல் 'இனவெறிக்கு எதிராக ஸ்கா' என்னும் சுற்றுப்பயணத்தை நடத்திய மைக் பார்க்கின் வழியில், 2020-இல் அதே பெயரில் ஒரு தொகுப்பை வெளியிட்டு நிதி திரட்டிய அமெரிக்க இளைஞர்கள், டூ டோனின் நெறியை மீண்டும் கையிலெடுத்திருக்கிறார்கள். 'நியூ டோன்' என்று அவர்கள் பெயர் சூட்டிக்கொண்டதும் அந்த உறவைச் சொல்லத்தான். பிலடெல்ஃபியாவின் கேட்பைட், நியூ ஆர்லியன்ஸின் பேட் ஆபரேஷன் ஆகியவை அவ்வகைக் கோஷ்டிகள். அவர்களில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறவர் ஜெர் என்னும் கறுப்பினக் கலைஞர். எல்லா வாத்தியங்களையும் தாமே வாசித்துப் பதிவுசெய்து, பிறருடைய பாடல்களை ஸ்காவாக மாற்றி யூடியூபில் வெளியிட்டே பெயர் பெற்ற அவர், 2022-இல் 'பாதர்ட் / அன்பாதர்ட்' என்னும் சொந்த ஆல்பத்தைத் தந்தார். அவருடைய பிரதான வாத்தியம் டிராம்போன்.

மெக்ஸிகோவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் போதிய அளவு எழுதுவதில்லை. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊதுவாத்தியக் கோஷ்டி வாசிப்பதும், வாஹாக்கா போன்ற மாநிலங்களில் சிறுபிள்ளைகளே ஊர்க் கோஷ்டியில் சேர்ந்து பயில்வதும் அங்கே நெடுங்கால வழக்கம். அந்த மண்ணில் ஸ்கா ஊன்றிக்கொண்டதில் வியப்பென்ன? 1985-இல் தொடங்கிய மால்டிட்டா வெஸிந்தாட்டும், 1995-இல் தொடங்கிய பாந்தியோன் ரொகோகோவும் இன்னும் பெருங்கூட்டங்களைக் கூட்டுகின்றன. ஸ்காவில் தொடங்கிப் பல சங்கீதங்களைத் தழுவிய அர்ஜென்டினாவின் ஃபபுலோஸோஸ் கடிலாக்ஸ், 2023 ஜூனில் மெக்ஸிகோ நகரத்து ஸோக்கலோ சதுக்கத்தில் வாசித்தபோது, வந்தவர்கள் மூன்று லட்சம் பேர் என்று நகர நிர்வாகம் கணக்குச் சொன்னது. ஜப்பானிலும் இதே கதைதான். பள்ளிக்குப் பள்ளி ஊதுவாத்தியக் கோஷ்டி உள்ள அந்நாட்டில், 1985 முதல் இயங்கிவரும் டோக்கியோ ஸ்கா பாரடைஸ் ஆர்க்கெஸ்ட்ரா 2021 ஒலிம்பிக் நிறைவு விழாவில் வாசித்தது. அவர்களுடைய மெட்டுகளைப் பள்ளிப் பிள்ளைகள் விரும்பி வாசிக்கிறார்கள்.

இனி என்ன ஆகும்? அபாயம் இருப்பது ரசனையில் அல்ல, கணக்கில். ஒரு பாட்டுக்கு இணையத்தில் கிடைக்கும் சில்லறை, தனியாக அறையில் உட்கார்ந்து பாடியவனுக்கும் ஒன்பது பேராக நின்று வாசித்தவர்களுக்கும் ஒன்றே. வண்டியும் சாப்பாடும் படுக்கையுமோ ஒன்பது பேருக்கும் வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸின் இன்டரப்டர்ஸ் நான்கே பேராக நின்று பெருவெற்றி பெற்றிருப்பதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அவர்களுடைய பாடகி எய்மியின் குரல் எனக்குப் பிடிக்கும். எனினும் ஊதுவாத்திய வரிசை மேடையில் இல்லாத ஸ்காவை என் காது முழு ஸ்காவாக ஏற்க மறுக்கிறது. பணமுடைக்காகப் பள்ளிகளில் முதலில் வெட்டப்படுவது சங்கீத வகுப்பாகவே இருந்தால், இருபது ஆண்டுகளில் நான்கு பேர் கோஷ்டிகளே மிஞ்சும். அந்த வகுப்பு நிலைத்திருக்கிற நாடுகளில் இந்தச் சங்கீதத்துக்குக் குறைவு வராது. அடுத்த டிரம்மண்ட் ஸ்பெயின் மொழியோ ஜப்பானிய மொழியோ பேசுகிறவராக இருக்கக்கூடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் ஸ்காட்டலைட்ஸின் 'ஈஸ்டர்ன் ஸ்டாண்டர்டு டைம்', அடுத்து ஸ்பெஷல்ஸின் ரூடி பாட்டு, அதன்பின் ஜெரின் 'பாதர்ட் / அன்பாதர்ட்' என்று இந்த வரிசையில் டிராம்போனை மட்டும் கவனித்துக் கேளுங்கள். கேட்டது பிடித்திருந்தால், அக்கோஷ்டியாரிடமோ அவர்களுடைய சிறு நிறுவனங்களிடமோ நேரே விலை கொடுத்து இசைத்தட்டை வாங்குங்கள்.