பாதத்தைக் கடிக்கும் நாய் என்ன சொல்கிறது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாய் வளர்ப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றை இன்று எடுத்துக்கொள்கிறேன். "டாக்டர், எங்கள் நாய் ராத்திரி முழுவதும் காலை நக்கிக்கொண்டும் கடித்துக்கொண்டும் இருக்கிறது. அந்தச் சத்தத்தில் தூங்க முடியவில்லை. இந்தக் கெட்ட பழக்கத்தை எப்படி நிறுத்துவது?"

கேள்வியிலேயே ஒரு தீர்ப்பு இருப்பதைக் கவனித்தீர்களா? அது கெட்ட பழக்கம் என்று வீட்டார் முடிவு செய்துவிட்டார்கள். அதனால் அதட்டுகிறார்கள். சிலர் செருப்பை எறிகிறார்கள். நாய் சற்று நேரம் நிறுத்திவிட்டு, வேறு மூலைக்குப் போய் மறுபடியும் தொடங்குகிறது. நமக்கு முதுகில் அரித்தால் கதவு நிலையில் தேய்த்தாவது சொறிந்துகொள்கிறோம். நாய்க்கு இருப்பது நாக்கும் பல்லும்தான். நடந்து வந்த தூசியைத் துடைக்க எப்போதாவது நக்குவது இயல்பு. ஆனால் நாள்தோறும், தூக்கம் கெடும் அளவுக்கு நக்கினால் அந்தப் பாதத்தில் அரிப்போ வலியோ இருக்கிறது என்று பொருள்.

முதலில் வீட்டிலேயே ஒரு காரியம் செய்யலாம். எத்தனை கால்களை நக்குகிறது என்று பாருங்கள். திடீரென்று ஒரே ஒரு காலை மட்டும் பிடித்துக்கொண்டால், பெரும்பாலும் அந்தக் காலிலேயே காரணம் இருக்கும். தொட்டாற்சிணுங்கி முள் குத்தியிருக்கலாம். நகம் பிளந்திருக்கலாம். கண்ணாடித் துண்டு, எறும்புக்கடி, வெயிலில் காய்ந்த தார்ச்சாலையின் சூடு என எதுவாகவும் இருக்கலாம். வயதான நாய் ஒரு மூட்டையே நக்கினால் மூட்டு வலியையும் நினைக்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் விரல்களை விரித்து, அடிப்பாதத்தின் மெத்தைகளுக்கு நடுவே பாருங்கள். உண்ணி ஒளிந்துகொள்ள மிகவும் விரும்பும் இடம் அதுதான். உண்ணியை வெறும் விரலால் நசுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். அது இரத்தத்தைக் குடிப்பதோடு நிற்பதில்லை. நாயைச் சாகடிக்கக்கூடிய காய்ச்சலையும் பரப்புகிறது.

இரண்டு முன்னங்கால்களையோ நான்கு கால்களையுமோ நக்கினால் கதை வேறு. வெள்ளை நாயாக இருந்தால் பாத முடி துரு நிறமாக மாறியிருக்கும். பலர் அதை இரத்தம் என்று பயப்படுகிறார்கள். அது இரத்தமல்ல, எச்சிலில் உள்ள நிறமி முடியில் ஏறிய கறை. எவ்வளவு நாளாக நக்குகிறது என்பதற்கு அந்தக் கறையே சாட்சி. இப்படிப்பட்ட நாய்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஒவ்வாமை, அதாவது அலர்ஜி. மனிதர்களுக்கு ஒவ்வாமை வந்தால் தும்மலும் மூக்கொழுகலும் வருகின்றன. நாய்க்கு அது பெரும்பாலும் தோலில்தான் வெளிப்படுகிறது. பாதம், காது, அக்குள், வயிறு, வாயைச் சுற்றிய பகுதி ஆகியவை அரிக்கும். பெரும்பாலும் 6 மாதம் முதல் 3 வயதுக்குள் தொடங்கும். அடிக்கடி காது நோய் வரும் நாய் காலையும் நக்கினால், அவை இரண்டும் ஒரே நோயாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எதனால் ஒவ்வாமை? வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள், புல், பூந்தாது, பூஞ்சை, தெள்ளுப்பூச்சிக் கடி, சில நாய்களுக்கு உணவு. குளிர் நாடுகளில் சில நாய்களுக்குப் பனிக்காலத்தில் ஓய்வு கிடைக்கும். நம் மலேசியாவில் ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும்தான். தூசிச் சிற்றுண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் இங்கே விடுமுறையே கிடையாது.

இதற்கு மேல் ஒரு சுழற்சி இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது. அரிப்பதால் நாய் நக்குகிறது. நக்குவதால் விரலிடுக்கு ஈரமாகிறது. ஈரத்தில், தோலில் ஏற்கெனவே அமைதியாகக் குடியிருந்த ஈஸ்ட் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகுகின்றன. அவை மேலும் அரிப்பைத் தருகின்றன. நாய் மேலும் நக்குகிறது. விரலிடுக்கு சிவந்து, பிசுபிசுத்து, புளித்த மாவு போன்ற வாடை வருகிறது. ஆகவே ஒவ்வாமையை மட்டும் அடக்கிக் கிருமியை விட்டுவிட்டாலும், கிருமியை மட்டும் கொன்று ஒவ்வாமையை விட்டுவிட்டாலும் நோய் திரும்பி வரும். "மூன்று முறை ஊசி போட்டாயிற்று, மறுபடியும் வந்துவிட்டது" என்று சொல்பவர்கள் பலர் இந்தச் சுழற்சியில்தான் சிக்கியிருக்கிறார்கள்.

ஒவ்வாமையல்லாத காரணங்களும் உண்டு. குட்டி நாய்க்குப் பாதத்தில் முடி கொட்டி வீங்கினால், டெமோடெக்ஸ் என்னும் சிற்றுண்ணி இருக்கலாம். அது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் நாயும் கடுமையாகச் சொறிந்து, வீட்டில் உள்ளவர்களுக்கும் கையிலும் வயிற்றிலும் அரித்தால், அது வேறு வகைச் சொறி உண்ணி. அதைத் தாமதிக்கக் கூடாது. ஈர மண்ணில் கட்டிக்கிடக்கும் நாய்க்குக் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் பாதத் தோல் வழியாகவே நுழையும். இனி, சலிப்பால் நக்கும் நாயும் இருக்கிறது. நாள் முழுவதும் சங்கிலியில் கிடந்தால் அது வேறென்னதான் செய்யும்? ஆயினும் மற்ற காரணங்களை எல்லாம் தேடிப் பார்த்த பிறகுதான் சலிப்பின் மேல் பழி போட வேண்டும்.

இப்போது நம் வீட்டு வைத்தியத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் கடுமையாகவே பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டப்புறக் காலத்திலிருந்து வரும் ஒரு வழக்கம், சொறி பிடித்த நாய்க்கு வாகனத்திலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயைப் பூசுவது. இன்றும் செய்கிறார்கள். பாதத்தில் பூசியதை நாய் என்ன செய்யும்? நக்கும். அந்த எண்ணெயில் பெட்ரோலியக் கழிவும் உலோகத் துகள்களும் இருக்கின்றன. அவை வயிற்றுக்குள் போகும். வாந்தி எடுக்கும்போது நுரையீரலுக்குள்ளும் இறங்கும். மண்ணெண்ணெயும் அப்படித்தான். தரை கழுவும் கிருமிநாசினியை நீர் கலக்காமல் ஊற்றினால், ஏற்கெனவே புண்ணான தோல் வெந்துபோகும். நமக்கு வாங்கிய தோல் களிம்பையும் பூசாதீர்கள். சொரியாசிஸ் நோய்க்குத் தரும் சில களிம்புகளைச் சிறிதளவு நக்கினாலே நாயின் உயிருக்கு ஆபத்து. வலிக்கிறதே என்று நம் வலி மாத்திரையைக் கொடுப்பதும் வேண்டாம். இபுபுரூஃபன் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

தேங்காய் எண்ணெய் விஷமில்லை. ஆனால் நாய்க்கு அது பலகாரம் மாதிரி. பூசினால் இன்னும் ஆசையாக நக்கும். வேப்பிலை அவித்த நீரில் கால் கழுவுவதை நான் தடுக்க மாட்டேன். நீர் நன்றாக ஆறியிருக்க வேண்டும், கழுவியபின் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் மட்டும் நோய் தீரும் என்று மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்? நடைக்குப் போய் வந்ததும் நான்கு பாதங்களையும் சாதாரணத் தண்ணீரில் கழுவி, விரலிடுக்கை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கழுவுவதைவிடத் துடைப்பது முக்கியம். மருத்துவர் குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்பு கொடுத்தால், நுரையைப் பூசிய உடனே அலசிவிடாமல் 10 நிமிடம் விட்டு வையுங்கள். அந்த 10 நிமிடம் இல்லாமல் மருந்து வேலை செய்யாது. பலர் தோற்பது இங்கேதான். நாயின் படுக்கைத் துணியை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவையுங்கள். உண்ணிக்கும் தெள்ளுக்கும் உரிய மருந்தை ஆண்டு முழுவதும் தவறாமல் கொடுங்கள். தரை துடைத்த திரவம் காயும் வரை நாயை அதன்மேல் நடக்க விடாதீர்கள்.

உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க நம்பகமான இரத்தப் பரிசோதனை கிடையாது. அதற்கு ஒரே வழி பத்தியம். நாய் இதுவரை உண்ணாத ஓர் இறைச்சியையோ, மருத்துவர் தரும் சிறப்பு உணவையோ மட்டும் 8 வாரம் கொடுக்க வேண்டும். நம் வீட்டு நாய்கள் பெரும்பாலும் கோழியும் சோறும்தான் சாப்பிடுகின்றன. ஒவ்வாமை தரும் உணவுகளில் கோழி, மாட்டிறைச்சி, பால் ஆகியவை முக்கியமானவை. இந்த 8 வாரமும் பாட்டி பின்கட்டு வழியாக நீட்டும் ஒரு பிஸ்கட்கூடக் கூடாது. பாட்டியைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினம் என்று எனக்குத் தெரியும். அரிப்பு குறைந்ததும் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். மறுபடி அரித்தால் காரணம் உறுதி. மீந்த கறிக்குழம்பை எந்த நாளிலும் ஊற்ற வேண்டாம். அதிலுள்ள வெங்காயம் நாயின் இரத்த அணுக்களை அழிக்கும்.

மருத்துவரிடம் போனால், விரலிடுக்கில் பசைநாடாவை ஒட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சில நிமிட வேலை அது. ஈஸ்ட்டா பாக்டீரியாவா என்று தெரியாமல் மருந்து கொடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லெறிவது போல. ஸ்டீராய்டு ஊசி அரிப்பை வேகமாக அடக்கும், உண்மை. ஆனால் மாதாமாதம் அதையே போட்டுக்கொண்டிருந்தால் நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கும், சிறுநீர் கழிக்கும், தோல் மெலியும். இன்று வேறு வழிகள் உண்டு. அரிப்பின் சமிக்ஞையைத் தடுக்கும் ஒக்லாசிட்டினிப் என்னும் மாத்திரைக்கு 2013இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு வயது நிரம்பாத நாய்க்கு அதைக் கொடுக்கக் கூடாது. பின்னர் லோக்கிவெட்மாப் என்னும் ஊசியும் வந்தது. இவை மலிவானவை அல்ல. அதனால்தான் கழுவுவது, துடைப்பது, உண்ணி மருந்து ஆகியவற்றை ஒழுங்காகச் செய்யச் சொல்கிறேன். அவை மருந்தின் தேவையையே குறைக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தூசியாலும் பூந்தாதாலும் வரும் ஒவ்வாமை முற்றாகக் குணமாவது அரிது. நீரிழிவைப் போல ஆயுள் முழுவதும் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். இதைக் கேட்டதும் சிலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். அப்போதுதான் "சொறி நாய்" என்ற சொல் வாயில் வருகிறது. நம் மொழியில் அது நோயின் பெயர் மட்டுமல்ல, வசவும்கூட. நாற்றமடிக்கிறது, பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி, இரவோடு இரவாகக் காரில் ஏற்றிச் சந்தைப் பக்கம் இறக்கிவிட்டு வருகிறார்கள். நான் சொன்ன ஒவ்வாமையும் ஈஸ்ட்டும் வீட்டுக் குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் நோய்கள் அல்ல. வளர்க்கும் விலங்குக்கு நோய் வந்தால் கவனிப்பது உரிமையாளரின் கடமை என்று நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் சொல்கிறது. கொடுமை செய்ததாக நிரூபணமானால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

நிறைவாக, எப்போது காத்திருக்கக் கூடாது என்பது. விரலிடுக்கில் சிவந்த கட்டி எழும்பினால், சீழோ இரத்தமோ வந்தால், காலை ஊன்ற மறுத்தால், உணவை ஒதுக்கிச் சுருண்டு படுத்தால் அன்றைக்கே கிளினிக்கிற்குக் கொண்டு போங்கள். போகும் வரை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டிவிடுங்கள். காலில் இறுக்கமாகத் துணி சுற்றாதீர்கள். உள்ளே ஈரம் தங்கிப் புண் மோசமாகும். எப்போது தொடங்கியது, எந்தக் கால், என்ன சாப்பிடுகிறது, கடைசியாக உண்ணி மருந்து கொடுத்த தேதி எது ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்குப் பாதி வழி அதிலேயே தெரிந்துவிடும்.